எண் பொருந்தினால் மட்டும் பேரல் அசல் ஆகிவிடாது

கேள்வி இதுதான்: 1870-களில் லண்டனில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பட்டியலில் "எண்கள் அனைத்தும் பொருந்துகின்றன" என்று போட்டிருக்கிறார்கள். பேரல் எஃகு, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. இது துப்பாக்கியோடு பிறந்த பேரலா, பின்னால் மாற்றிப் போட்டதா என்று ஏலம் கேட்பதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பேரலை மாற்றும்போது பழைய துப்பாக்கியின் எண்ணையே புதிய பேரலிலும் பொறிப்பதுதான் முறையான வழக்கம். துப்பாக்கியைச் செய்த பட்டறையே மாற்றினாலும் அப்படித்தான் செய்யும், வெளியே நல்ல கைவேலைக்காரர் மாற்றினாலும் அப்படித்தான் செய்வார். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆகவே எண் பொருந்துகிறது என்றால், இந்தப் பேரல் இந்தத் துப்பாக்கிக்காகப் பொருத்தப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். எப்போது பொருத்தப்பட்டது என்பதை எண் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை வேறு: புரூஃப் முத்திரை (குழலைச் சுட்டுச் சோதித்த பிறகு குத்தும் முத்திரை), மேலே பொறித்த முகவரி, இரும்பின் வகை, தேய்மானம். இவை நான்கும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

பேரலை ஏன் மாற்றினார்கள் என்று தெரிந்தால் தேடுவது எளிது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நல்ல ஷாட்கன்களின் குழல் டமாஸ்கஸ் வகை. இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். மேலே அலையலையாக வரி தெரியும், பார்க்கவே அவ்வளவு அழகு. அந்தக் காலத்துக் கரும்புகை மருந்து எரிந்த பிறகு விடும் கசடு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் வைத்தால் உள்ளே குழி குழியாக அரிக்கும். குழியைப் போக்க உள்ளே தேய்த்தால் சுவர் மெலியும். அப்புறம் புகையில்லா மருந்து வந்தது. பழைய குழலில் அதைச் சுடப் பலர் தயங்கினார்கள். துப்பாக்கியின் மற்ற பாகமெல்லாம் தங்கம் போல் இருக்கும்போது பேரலை மட்டும் எஃகில் புதிதாகச் செய்து போடுவது நியாயமான முடிவுதான். துப்பாக்கியைத் தினமும் தூக்கி வேட்டைக்குப் போகிறவருக்கு அது லாபம். சேகரிப்பாளருக்குத்தான் கணக்கு வேறு. அவர் பணம் கொடுப்பது, பட்டறையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்தத் துப்பாக்கிக்கு. ஆகவே மாற்றுப் பேரலுக்கும் அசல் விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

சரி, துப்பாக்கி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலத்துக்கு முன்பு பார்வைக்கு வைக்கும் நாளில் ஊழியரிடம் சொல்லி, குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, பேரலைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் குழலின் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார்கள். நீங்கள் பேரலைத் தலைகீழாகத் திருப்புங்கள். தோட்டா போடும் முனைக்கு அடியில் இரண்டு தட்டையான பரப்புகள் இருக்கும். நடுவில் ஆக்‌ஷனுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கொக்கி. ஆக்‌ஷன் என்பது பேரல் வந்து மாட்டும் இரும்பு உடல். இந்தத் தட்டைகள் மூடிய துப்பாக்கியில் வெளியே தெரியாது. அதனால் யாரும் அழகுபடுத்தியிருக்க மாட்டார்கள். பேரலின் சரித்திரம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. அதே போல, ஆக்‌ஷனில் இந்தத் தட்டைகள் வந்து உட்காரும் பரப்பையும் பாருங்கள். அங்கேயும் முத்திரைகள் இருக்கும். இந்த இரண்டு பரப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பிரிட்டனில் புரூஃப் என்பது சட்டப்படியான சோதனை. அளவுக்கு மேல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-இல் சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் 1813-இல் வந்தது. புரூஃப் ஆகாத பேரலை விற்பது குற்றம். ஆகவே முறையாக வேலை செய்தவர் யாராக இருந்தாலும், புதிய பேரலைப் போட்டதும் அதை மறுபடி புரூஃப் ஹவுஸுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அங்கே அந்த ஆண்டில் எந்த முத்திரை வழக்கில் இருந்ததோ அதைத்தான் குத்துவார்கள். பழைய முத்திரையைக் குத்தித் தர மாட்டார்கள். நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான்.

முத்திரையை வைத்துக் காலம் சொல்லுவது இப்படி. லண்டனின் கிரீடமும் பின்னிய ஜி-பி எழுத்தும் நெடுங்காலமாகப் பெரிதாக மாறவில்லை, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பர்மிங்ஹாமில் 1904 வரைக்கும் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் மேலே கிரீடமும். அதற்குப் பிறகு கிரீடத்துக்குக் கீழே பிபி, பிவி என்ற எழுத்துகள். இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக, கூட வரும் சின்னக் குறிகள்தான் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். 1875 முதல் 1887 வரை, வாய்ப்பக்கம் குறுக்கிய சோக் குழல் என்றால் "நாட் ஃபார் பால்" என்று குத்தினார்கள், அதாவது தனிக் குண்டு போடக் கூடாது என்று. பின்முனை அளவும் வாய் அளவும் தனித்தனியாக, 12 பி, 14 எம் என்பது மாதிரி, அந்தக் காலத்தில்தான் வரும். 1887-இல் "சோக்" என்ற சொல் வந்தது. வைர வடிவச் சட்டத்துக்குள் 12, அதன் கீழே சி என்ற குறியும் அந்த ஆண்டில்தான் வந்தது. 1925 வாக்கில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் குத்த ஆரம்பித்தார்கள், 2½ அங்குலம் என்று. 1954 விதிகளுக்குப் பிறகு குழலின் உள்விட்டம் .729 என்று தசமத்தில் வரும், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று வரும். 1989-க்குப் பிறகு டன் போய், பார் என்ற அலகு வந்துவிட்டது. பர்மிங்ஹாம் 1921-இலிருந்து ஆண்டைக் காட்டும் சின்ன எழுத்துக் குறி ஒன்றையும் சேர்த்துக் குத்தியது. அதைப் படிக்கும் அட்டவணை சேகரிப்பாளர்களிடம் பரவலாக உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வந்த துப்பாக்கியை இதில் போட்டுப் பாருங்கள். 1870-களின் நடுவில் செய்தது என்று எண் சொல்கிறது. ஆக்‌ஷனின் தட்டையில் அந்தக் காலத்து எளிய முத்திரைகள் மட்டும் இருக்கின்றன. பேரலைத் திருப்பினால் வைரத்துக்குள் 12 சி, கூடவே புகையில்லா மருந்துக்கான நைட்ரோ முத்திரை. பழைய குறி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அந்தப் பேரல் 1870-களில் பிறந்ததே இல்லை. எண் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி, அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. அசல் பேரலையே பிற்காலத்தில் மறுசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். உள்ளே தேய்த்து விட்டம் பெருகியதால் இருக்கலாம், அறையை நீட்டியதால் இருக்கலாம், நைட்ரோ மருந்து சுடுவதற்காகவும் இருக்கலாம். அப்படி வந்த பேரலில் பழைய முத்திரைகள் அப்படியே இருக்கும், அதன்மேல் புதியவை கூடியிருக்கும். லண்டனில் மறுசோதனைக்குக் கிரீடமிட்ட ஆர் என்ற எழுத்து வரும். ஆக, பழையதும் புதியதும் சேர்ந்து இருந்தால் மறுசோதனை. புதியது மட்டும் இருந்தால் மாற்றுப் பேரல். பழைய முத்திரை அரைகுறையாகத் தேய்ந்து தெரிந்தால், எதனால் தேய்ந்தது என்று பாருங்கள். தட்டையை யாரோ அரம் போட்டிருந்தால் கோடுகள் ஒரே திசையில் ஓடும். இன்னொன்றும் பாருங்கள்: ஆக்‌ஷனில் லண்டன் முத்திரை, பேரலில் பர்மிங்ஹாம் முத்திரை என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். பொதுவாக இரண்டும் ஒன்றாகவே சோதனைக்குப் போகும்.

ஐரோப்பாவின் மற்ற நாட்டுத் துப்பாக்கிகளில் சில சமயம் வேலை இன்னும் சுலபம். ஜெர்மன் பேரல்களில் பல, சோதனை நடந்த மாதத்தையும் ஆண்டையுமே எண்ணில் தாங்கியிருக்கும், 4.37 என்பது மாதிரி. பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரையில், நீள்வட்டத்துக்குள் இருக்கும் இஎல்ஜி எழுத்துக்கு மேலே கிரீடம் 1893-இல்தான் சேர்ந்தது. 1922-இலிருந்து அவர்களும் ஆண்டுக்கு ஓர் எழுத்து வைத்தார்கள். ஸ்பெயின் 1927-இலிருந்து எழுத்துக் குறி வைத்தது.

அடுத்தது முகவரி. இரண்டு குழல்களுக்கும் நடுவே மேலே ஓடும் ரிப்பில் பட்டறையின் பெயரையும் முகவரியையும் பொறித்திருப்பார்கள். பட்டறைகள் இடம் மாறியிருக்கின்றன. மாறிய ஆண்டுகள் பதிவில் உண்டு. பர்டி பட்டறை பல பத்தாண்டுகள் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் 314½ என்ற எண்ணில் இருந்தது. 1880-களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவில் கட்டிய ஆட்லி ஹவுஸுக்கு மாறியது. ஆகவே 1870-களின் எண்ணுள்ள பர்டியின் ரிப்பில் சவுத் ஆட்லி தெரு என்று இருந்தால், அந்த ரிப் அந்தத் துப்பாக்கியைவிட வயதில் இளையது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நெடுங்காலம் நியூ பாண்ட் தெரு 98-இல் இருந்துவிட்டு, 1960-இல் ப்ரூட்டன் தெருவுக்குப் போனது. அதற்கும் இதே கணக்கு.

ஆனால் முகவரி பொருந்துகிறது என்பதால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நல்ல பட்டறைகள் பழைய ரிப்பைக் கழற்றி, புதிய குழல்களின் மேலே மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தது உண்டு. பொறிப்பு கைவேலை, அதை வீணாக்க மனம் வராது. அந்த மாதிரித் துப்பாக்கியில் ரிப்பின் எழுத்து விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும். இருபுறமும் உள்ள குழல்களில் மட்டும் ஒரு கீறல்கூட இருக்காது. ஒரே இடத்தில் நூறு வருஷம் ஒன்றாக இருந்த மூன்று பாகங்களில் ஒன்று மட்டும் கிழவனாகவும் மற்ற இரண்டும் வாலிபனாகவும் இருக்க வழியில்லை.

இரும்பின் வகையும் காலம் சொல்லும். சர் ஜோசப் விட்வொர்த் உருக்கிய எஃகைத் திரவ நிலையிலேயே அழுத்தி இறுகவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த எஃகு லண்டனின் உயர்தர ஷாட்கன்களில் 1880 வாக்கில்தான் தலைகாட்டத் தொடங்கியது. அதன் அடையாளம் கோதுமைக் கதிர்க்கட்டு. பேரலின் அடியில் சின்னதாகக் குத்தியிருப்பார்கள். ஆக, 1870-களின் தொடக்கத்து எண்ணுக்கு மேலே எஃகுக் குழல் உட்கார்ந்திருந்தால் எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்படுங்கள். கேள்வியில் நீங்கள் "பேரல் எஃகு" என்று சொன்னதும் என் மனதில் ஓடியது இதுதான். கொக்கியையும் பாருங்கள். பழைய முறையில் தனியாகச் செய்த கொக்கியைக் குழல்களுக்கு நடுவே பித்தளை வைத்துப் பற்றவைப்பார்கள். கொக்கியின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு அதனால்தான். பிந்திய உயர்தர வேலையில் ஒவ்வொரு குழலும் தன் அரைக் கொக்கியோடு ஒரே துண்டாக அடிக்கப்பட்டு, இரண்டும் நடுவில் சேரும். அப்போது கொக்கியின் நடுவிலே நெடுக்காக ஒரு கோடு தெரியும். துப்பாக்கி முதல் வகைக் காலத்தது, பேரல் இரண்டாம் வகை என்றால் அதுவும் ஒரு சாட்சி.

இதுவரை சொன்னது முழுப் பேரலும் புதிதாக வந்த கதை. இன்னொரு வகை உண்டு. சேகரிப்பாளரை அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஸ்லீவ் போடுவது என்பார்கள். பழைய பேரலைப் பின்முனையிலிருந்து சில அங்குலத்தில் வெட்டிவிடுவார்கள். கொக்கி, தட்டை, எண், பழைய முத்திரை எல்லாம் அந்தத் துண்டில் அப்படியே இருக்கும். அந்தத் துண்டின் உள்ளே குடைந்து, புதிய எஃகுக் குழல்களைச் செருகிப் பற்றவைப்பார்கள். ஆக, நான் மேலே சொன்ன சோதனைகளில் பாதி இங்கே வேலைக்கு உதவாது. தட்டையில் பழைய முத்திரை இருக்கிறது, எண் அசல் கையால் பொறித்தது, கொக்கி பழையது. மீதி நீளம் முழுக்கப் புதியது.

இதைப் பிடிக்க வெளிச்சம் வேண்டும். அதையும் மேலிருந்து அடிக்கக் கூடாது. பேரலை மேசைமேல் படுக்கவைத்து, சின்ன டார்ச் ஒன்றை அதே மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பின்முனையிலிருந்து நான்கு விரற்கடை தூரம் வரை பார்வையை மெதுவாக நகர்த்துங்கள். குழலைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளையம் தெரிந்தால், அதுதான் இணைப்பு. நன்றாகச் செய்த வேலையில் நகத்தை வைத்து இழுத்தாலும் தட்டாது, கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் குழலுக்கு ஏற்றிய கறுப்பின் சாயல் லேசாக மாறும். ஒரு பக்கம் நீலம் கலந்த கறுப்பு, மறுபக்கம் பழுப்பு கலந்த கறுப்பு. இரண்டும் வேறு வேறு இரும்பு என்பதால் கறுப்பைக் குடிக்கும் விதமும் வேறு. பழைய துண்டு டமாஸ்கஸ் என்றால் இன்னும் எளிது. முதல் மூன்று நான்கு அங்குலத்துக்கு அலை வரி, அதற்கப்புறம் வெறும் எஃகு. மேலே கறுப்பு அடித்து வரியை மறைத்திருந்தாலும், அடியில் தட்டையில் வரி எட்டிப் பார்க்கும். சிலர் இணைப்பு வளையத்தின் மேலேயே சுற்றிலும் செதுக்கு வேலை செய்து மறைப்பார்கள். அதே துப்பாக்கியின் ஆக்‌ஷனில் இருக்கும் செதுக்கலோடு ஒப்பிடுங்கள். கை வேறு என்று தெரிந்துவிடும். டிக் வெல்டிங் என்ற மின்சாரப் பற்றவைப்பு முறையில் இணைத்து மெருகிட்டால் வளையமே தெரியாது. அங்கே நம்பிக்கை தட்டையில் உள்ள முத்திரைமேல்தான். பிரிட்டிஷ் விதிப்படி இப்படிச் செய்த பேரலில் "ஸ்லீவ்டு" என்ற சொல்லையே குத்த வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பர்மிங்ஹாம் துப்பாக்கி. நேரில் பார்க்காமல், படங்களை நம்பி ஏலத்தில் எடுத்தேன். பத்துப் படங்கள் போட்டிருந்தார்கள். பூட்டின் செதுக்கு வேலை, பின்கட்டையின் வரி, பெட்டி, எல்லாம் இருந்தது. வந்து சேர்ந்த அன்று இரவு பேரலைக் கழற்றி விளக்கடியில் திருப்பினேன். இடது தட்டையில், பழைய முத்திரைகளுக்குப் பக்கத்தில், துல்லியமாக, தெளிவாக அந்தச் சொல் இருந்தது. விற்றவர் முத்திரையை அழிக்கவில்லை. தட்டையின் படத்தைப் போடவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், பேரலின் அடித்தட்டையும் ஆக்‌ஷனின் தட்டையும் தெரியும் படம் வராமல் ஒரு தொகைகூடச் சொல்வதில்லை.

எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணின் உருவத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு பட்டறை ஒரு துப்பாக்கிக்கு எண் இடும்போது ஆக்‌ஷன், பேரல், முன்கட்டையின் இரும்பு, விசைக்காப்பு என்று எல்லாவற்றிலும் அதே காலத்து அச்சையோ அதே கையையோ பயன்படுத்தியிருக்கும். ஆகவே இலக்கங்களைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 4-இன் தலை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, 7-இன் கால் நேரா வளைவா, 3-இன் மேற்பகுதி தட்டையா உருண்டையா. குத்திய ஆழத்தையும் பாருங்கள். நூறு ஆண்டு எண்ணெய்யும் அழுக்கும் தங்கிய இலக்கத்தின் உள்ளே கறுப்பாக இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். நேற்றுக் குத்தியது மாதிரி விளிம்பு கூராக நின்றால், அல்லது எண்ணைச் சுற்றி மட்டும் தட்டை லேசாகக் குழிந்திருந்தால், அங்கே முன்பு வேறு எண் இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

பொருத்தத்தையும் தேய்மானத்தையும் பார்க்கப் பழக்கம் வேண்டும். ஆனால் ஒருமுறை பழகினால் மறக்காது. நல்ல துப்பாக்கியில் பேரலின் பின்முனைக்கும் ஆக்‌ஷனின் உருண்டையான தோளுக்கும் செதுக்கு வேலை ஒரே கொடியாக ஓடும். கோடு ஆக்‌ஷனில் தொடங்கிப் பேரலில் முடியும். மாற்றுப் பேரலில் அந்தக் கொடி விளிம்பில் அறுந்து நிற்கும், அல்லது வேறு கையால் தொடரும். ஆக்‌ஷனின் நிமிர்ந்த முகத்தில் தோட்டாவின் விளிம்பு பட்டுப் பட்டு வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். எதிரே உள்ள பேரல் முகம் அரம் போட்ட தழும்பு மாறாமல் இருந்தால், இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வரவில்லை. ஆக்‌ஷனின் மேற்புறத்தில் ரிப்பின் நீட்சி வந்து உட்காரும் பள்ளம் ஒன்று சில துப்பாக்கிகளில் உண்டு. அந்தப் பள்ளத்தில் இரும்பு வைத்து அடைத்திருந்தால், முதலில் இருந்த பேரலுக்கு நீட்சி இருந்தது, இப்போதுள்ளதற்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். முன்கட்டையின் மரத்தின் உட்புறமும் பேசும். பழைய குழலின் வளைவுக்கு மரம் குடைந்திருப்பார்கள். புதிய குழல் கொஞ்சம் பருத்தால் மரத்தைப் புதிதாகச் சுரண்டிய வெளிர் நிறம் தெரியும். மெலிந்தால் இடைவெளி தெரியும்.

இடையில் ஒரு நல்ல பழைய பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரலைக் கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். மணி மாதிரி நின்று ஒலித்தால் ரிப்புகள் இறுகப் பற்றியிருக்கின்றன. உடைந்த பாத்திரம் மாதிரி ஒலித்தால் எங்கோ ஈயம் விட்டிருக்கிறது. அது பேரல் அசலா என்று சொல்லாது. ஆனால் யாரோ ரிப்பைக் கழற்றி மறுபடி வைத்திருக்கிறார்கள், அதுவும் சரியாக வைக்கவில்லை என்று சொல்லக்கூடும்.

அமெரிக்கத் துப்பாக்கிகளுக்கு இந்த முத்திரைக் கணக்கு உதவாது. அங்கே அரசின் புரூஃப் ஹவுஸ் கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு கம்பெனியின் பழக்கமும் நமக்குத் தெரிய வேண்டும். பார்க்கர் இரட்டைக்குழலில் எஃகின் பெயரை ரிப்பிலேயே போடுவார்கள், அது துப்பாக்கியின் தரத்தோடு பொருந்த வேண்டும். வல்கன் எஃகு ஒரு தரம், டைட்டானிக் எஃகு இன்னொரு தரம். பேரலின் தட்டையில் மெருகிடுவதற்கு முன்பு இருந்த எடையையும் குத்தியிருப்பார்கள். பெரிய இலக்கம் பவுண்டு, அதன் தோளில் சின்ன இலக்கம் அவுன்ஸ். முடித்த பேரல் அந்த எடையைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. கூடுதலாக இருந்தால் யோசிக்க வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் வாயை வெட்டியிருக்கலாம். வாயை வெட்டியது இன்னொரு விதத்திலும் தெரியும். இரட்டைக்குழல்கள் வாய்முனையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி, அதில் ஈயம் அடைத்திருந்தால் நீளம் போய்விட்டது, அதோடு சோக்கும் போய்விட்டது.

ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கியில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வின்செஸ்டர் மாடல் 12 கழற்றி மாட்டக்கூடியது. வரிசை எண் ரிசீவரின் (பேரல் மாட்டும் இரும்பு உடலின்) அடியிலும், பேரலின் முனையில் திருகியிருக்கும் நீட்சி வளையத்தின் அடியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வளையத்தை வைத்துக்கொண்டு பேரலை மட்டும் திருகி மாற்றிவிட முடியும். அப்போது எண் பொருந்தும், பேரல் வேறாக இருக்கும். அந்த வளையத்துக்கும் பேரலுக்கும் நடுவே கறுப்பின் சாயல் ஒன்றாக இருக்கிறதா, இடுக்கிப் பிடித்துத் திருகிய தழும்பு உண்டா என்று பாருங்கள். 28 காஜ் (குழல் விட்டத்தின் அளவு) மாடல் 12 அரிது, விலை அதிகம், அதனாலேயே போலியும் அதிகம். அதை வாங்குவதானால் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரெமிங்டனில் 1921-இலிருந்து பேரலின் இடது பக்கம், ரிசீவரை ஒட்டி, எழுத்துக் குறி உண்டு. முதல் எழுத்து மாதம், அடுத்தது ஆண்டு. மாத எழுத்துகளை "பிளாக் பவுடர் எக்ஸ்" என்ற சொல்லின் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளாக வைத்திருப்பார்கள், ஜனவரிக்கு பி, டிசம்பருக்கு எக்ஸ். அந்தக் குறி பேரல் பிறந்த நாளைச் சொல்லும், துப்பாக்கி பிறந்த நாளை அல்ல. இரண்டும் பல ஆண்டு விலகியிருந்தால் பேரல் அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததல்ல. ரெமிங்டன் பேரலை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றலாம் என்பதால் இது மிகவும் சாதாரணமாக நடக்கும்.

பட்டியலின் மொழியையும் கவனித்துப் படியுங்கள். பொறுப்பான ஏல நிறுவனம் "பட்டறையே பின்னாளில் போட்ட பேரல்", "வேறொருவர் போட்ட பேரல்", "ஸ்லீவ் போட்டது" என்று மூன்றையும் பிரித்துத்தான் எழுதும். இந்த மூன்றுக்கும் மதிப்பில் பெரிய இடைவெளி உண்டு. செய்த பட்டறையே அதே தரத்தில் மாற்றியிருந்தால், சேகரிப்பாளர்கள் பலர் அதைக் குறையாகவே கருதுவதில்லை. எனக்கும் அதுதான் கருத்து. பட்டறையின் பதிவேட்டில் அந்த வேலை எழுதப்பட்டிருந்தால் அது துப்பாக்கியின் வாழ்க்கையில் ஒரு பகுதி. பட்டியலில் பேரலைப் பற்றி நீளம், விட்டம் மட்டும் எழுதிவிட்டு, யார் செய்தது, எப்போது செய்தது என்று ஒரு வார்த்தையும் இல்லாமல் இருப்பதுதான் கவலைக்குரியது. "எண்கள் பொருந்துகின்றன" என்பது உண்மையாகவே இருக்கும். அவர்கள் சொல்லாமல் விட்டதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் பட்டறையும்தான். பர்டி, ஹாலண்ட் மாதிரி பழைய பட்டறைகளிடம் ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவேடு உண்டு. முதலில் எந்தப் பேரல், என்ன நீளம் என்று அதில் இருக்கும். 30 அங்குலம் என்று எழுதியிருந்து கையில் இருப்பது 28 என்றால் பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் வின்செஸ்டர், எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளின் பழைய பதிவுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, எண்ணைக் கொடுத்தால் பதிவில் உள்ளதைத் தேடித் தருவார்கள். பட்டறைக்கு எழுதி ஏலத்துக்கு முன்பே பதில் வராது என்றாலும் எழுதிப் போடுங்கள். ஏல நிறுவனமே சில சமயம் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்திருக்கும்.

இனி, உங்கள் துப்பாக்கி. ஏல நிறுவனத்துக்கு இன்றே எழுதி, பேரலின் அடித்தட்டை இரண்டும் நேராகத் தெரியும் படம், ஆக்‌ஷனின் தட்டை, ரிப்பின் எழுத்து, பின்முனையிலிருந்து ஐந்து அங்குலம் வரை பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், முன்கட்டையின் உட்புறம் என ஐந்தையும் கேளுங்கள். கூடவே குழல் சுவரின் மிக மெல்லிய இடத்தின் கனத்தையும், பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் உள்விட்டத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். புரூஃப் ஹவுஸும் அந்த இடத்தில்தான் அளக்கும். 1870-களின் எஃகுப் பேரல், உள்ளே குழி ஒன்றுகூட இல்லை, அதோடு குத்திய விட்டமும் இன்றைய விட்டமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கிறது என்று பதில் வந்தால், அது மாற்றுப் பேரல் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அப்புறம் முத்திரையின் ஆண்டைப் படித்து, பட்டறையே போட்டதா என்று மட்டும் பார்ப்பேன். பட்டறை போட்டது என்றால் விரும்பி வாங்குவேன், மாற்றுப் பேரலுக்கான விலைக்கு. தட்டையின் படத்தை அனுப்ப முடியாது என்று பதில் வந்தால், அந்த ஏலத்தில் கையைத் தூக்க மாட்டேன்.